நன்னாரி ஏன் மணக்கவில்லை?

அன்புள்ள அக்கா,

எங்கள் அப்பத்தா சித்திரை பிறந்ததும் நன்னாரி சர்பத் போடுவார். பாட்டிலைத் திறந்தால் வாசலில் நிற்பவருக்கும் மணக்கும். நான் வேரைத் தட்டிப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். உடம்புக்கு ஆகாதென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். வாசமே இல்லை, பத்தே நாளில் நுரைத்துவிட்டது. அப்பத்தா வேரை ராத்திரி முழுக்க மூடி வைப்பார் என்கிறார் அம்மா. அது அவசியமா? இந்தக் காலத்து வேரே இப்படித்தானா?

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நன்னாரியின் மணம் ஆவியோடு போய்விடக் கூடியது. அரை மணி நேரம் கொதித்ததில் உங்கள் அடுப்படிதான் மணந்திருக்கும்.

மணமெல்லாம் வேரின் தோலில். 100 கிராம் வேரைக் கழுவி, அம்மிக் குழவியால் தட்டுங்கள். தோல் பிளந்து நடுவில் வெளுத்த நரம்பு தெரியும். கட்டை போன்ற அதை உருவி எறிந்துவிடுங்கள். கொதித்து இறக்கிய 400 மில்லி தண்ணீரைத் தோலின் மேல் ஊற்றி, இறுக மூடி, விடியும் வரை தொடாதீர்கள். காலையில் வடிகட்டினால் தேநீர் நிறத்தில் இறங்கும்.

ஒரு கிலோ சர்க்கரையில் 250 மில்லி தண்ணீர் விட்டுக் கம்பிப் பதம் வந்ததும் ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள், பாகு மறுபடி சர்க்கரையாகப் பூக்காது. அடுப்பை அணைத்து, பாகு சற்று ஆறியபிறகே வேர்த்தண்ணீரைச் சேர்க்க வேண்டும்.

சர்க்கரையைக் குறைத்ததால்தான் நுரைத்தது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால்தான் பாகு கெடாமல் நிற்கும். உடம்பை நினைத்துக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதைத் தம்ளரில் குறையுங்கள். இரண்டு கரண்டி விடும் இடத்தில் ஒன்று விட்டு, எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளலாம். கருப்பட்டி போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, நன்னாரியின் மணத்தை அது அமுக்கிவிடும்.

வேரைக் குறை சொல்ல வேண்டாம், பார்த்து வாங்கினால் போதும். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். நாள்பட்ட சரக்கு மணக்காது. விரல் பருமனில் சதைப்பற்றோடு இருந்தால் அது மாகாளிக் கிழங்கு. அதற்கும் இதே மணம்தான், ஆனால் அது ஊறுகாய்க்குப் போவது. நன்னாரி மெலிந்து, கறுத்து, தோலில் குறுக்கே வெடிப்போடு இருக்கும்.

நுரைத்த பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். சூடாக்கிக் குடிக்கவும் வேண்டாம். அடுத்த முறை வேர் தட்டும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா செய்ததில் இன்னும் ஏதாவது அவருக்கு நினைவு வந்தால் எனக்கும் எழுதுங்கள்.