புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்கள் தொடர்பில் இருக்கின்றன என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: டர்பனில் உயிர்வேதியியல் முதுகலை செய்கிறேன். ஒரு புரதக் கட்டமைப்பில் எந்த அமினோ அமிலம் எதோடு தொடர்பில் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஒரு கட்டுரையில் 8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்கிறார்கள், இன்னொன்றில் 4, வேறொன்றில் 5. எதை எடுத்துக்கொள்வது? அண்ணன்மார் அக்காமார் யாராவது தமிழில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

வணக்கம் தங்கச்சி. நானும் இதே ஊரில், சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு இதே வேலையைத்தான் செய்கிறேன். அந்த மூன்று எண்களும் சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. என்ன கேட்கிறோம் என்று முடிவு செய்யாமல் எண்ணை மட்டும் எடுத்தால் பட்டியல் நீளமாக வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

8 ஆங்ஸ்ட்ராம் என்பது பீட்டா கார்பனிலிருந்து பீட்டா கார்பனுக்கு அளப்பது. முதன்மைச் சங்கிலியிலிருந்து கிளைக்கும் பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்தான் பீட்டா கார்பன். கிளைசினுக்கு பீட்டா கார்பன் கிடையாது, அங்கே முதன்மைச் சங்கிலியிலேயே உள்ள ஆல்ஃபா கார்பன். புரதம் மொத்தமாக எப்படி மடிந்திருக்கிறது என்று பார்க்க இது போதும். அமினோ அமிலங்களின் வரிசை எண்களைப் படத்தின் இரண்டு பக்கமும் போட்டு, தொடர்புள்ள ஒவ்வொரு ஜோடிக்கும் புள்ளி வைத்தால், ஆல்ஃபா சுருள் மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டையாகத் தெரியும். எதிரெதிராக ஓடும் பீட்டா இழைகள் மூலைவிட்டத்துக்குக் குறுக்கே கோடாக விழும், ஒரே திசையில் ஓடுபவை அதற்கு இணையாக விழும். சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவை எப்படியும் நெருங்கித்தான் இருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். வரிசையில் 24 இடமாவது தள்ளியிருக்கும் ஜோடிகளைத்தான் நீண்ட தூரத் தொடர்பு என்று கணக்கில் எடுப்பது வழக்கம்.

ஆனால் ஒரு திரிபு (ஒரு அமினோ அமிலம் போய் அந்த இடத்தில் இன்னொன்று வருவது) என்ன செய்கிறது என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், 8 ஆங்ஸ்ட்ராம் படம் உங்களைக் கைவிட்டுவிடும். இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2020 டிசம்பர் 18 அன்று தென்னாப்பிரிக்கா 501ஒய்.வி2 என்ற கொரோனா வைரஸ் வகையை அறிவித்தது. பிறகு அதற்கு பீட்டா என்று பெயர் வந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் துலியோ டி ஒலிவேரா. அவருடைய கிரிஸ்ப் ஆய்வகம் இங்கே டர்பனில், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அந்த வைரஸின் கூர்ப்புரதம் நம் செல்லின் ஏ.சி.இ.2 ஏற்பியைப் பிடிக்கும் பகுதியில் மூன்று மாற்றங்கள்: 417இல் லைசின் போய் அஸ்பராஜின், 484இல் குளுட்டாமிக் அமிலம் போய் லைசின், 501இல் அஸ்பராஜின் போய் டைரோசின்.

இந்த மாற்றங்களால் அந்தப் பகுதியின் முதன்மைச் சங்கிலி பெரிதாக நகரவில்லை. பீட்டா கார்பன்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனவே பழைய வைரஸுக்கும் புதியதற்கும் 8 ஆங்ஸ்ட்ராம் படம் போட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். மாறியது எல்லாம் பக்கச் சங்கிலியின் நுனியில். சாட்ஸ்வொர்த்தின் இரட்டை வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுச்சுவர் ஒன்றுதான், ஆனால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டா என்று தெரிய வாசலைப் பார்க்க வேண்டும். திரிபைப் பற்றிய கேள்விக்குப் பக்கச் சங்கிலி அணுக்களை நேராக அளக்க வேண்டும். ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களில் ஏதாவது இரண்டு 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடர்பு என்று வையுங்கள். கொஞ்சம் தாராளமாகப் பார்க்க வேண்டுமென்றால் 5.

பழகிப் பார்க்க, புரதக் கட்டமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பி.டி.பி. தரவு வங்கியிலிருந்து 6எம்0ஜே என்ற கட்டமைப்பை இறக்கிக்கொள்ளுங்கள். மூல வைரஸின் பிடிப்புப் பகுதியும் ஏ.சி.இ.2வும் சேர்ந்த படிகம், தெளிவு 2.45 ஆங்ஸ்ட்ராம். ஏ சங்கிலி ஏற்பி, ஈ சங்கிலி வைரஸ். பைத்தானில் பயோபைத்தான் நூலகத்தில் அருகிலுள்ள அணுக்களைத் தேடித் தரும் நெய்பர்சர்ச் போதும். கணக்கு மிகச் சிறியது, லோட் ஷெடிங் வந்தாலும் லேப்டாப் பேட்டரியிலேயே முடிந்துவிடும். 4 ஆங்ஸ்ட்ராம் எல்லை வைத்தால் வைரஸ் பக்கம் 17 அமினோ அமிலங்கள், ஏற்பிப் பக்கம் 20 என்று அந்தக் கட்டமைப்பை வெளியிட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் நிரலில் அந்த எண்ணிக்கை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் தண்ணீர் மூலக்கூறுகளையோ சர்க்கரைகளையோ சேர்த்து எண்ணியிருக்கலாம், அல்லது ஒரே அணுவுக்குக் கொடுக்கப்பட்ட மாற்று நிலைகள் குழப்பியிருக்கலாம். இந்தச் சோதனை முடியாமல் உங்கள் சொந்தப் புரதத்தில் கை வைக்க வேண்டாம்.

பட்டியல் வந்ததும் ஒவ்வொரு ஜோடியையும் வகை பிரியுங்கள். என் கணக்கில் பாதி வேலை இதுதான், பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 417ஆம் லைசினை பைமால் என்ற கட்டமைப்பு பார்க்கும் மென்பொருளில் திறந்து பெரிதாக்குங்கள். அதன் நுனி நைட்ரஜன், ஏற்பியின் 30ஆம் அஸ்பார்டிக் அமிலத்தின் ஆக்சிஜன்களிலிருந்து 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் நிற்கும். ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். அது உப்புப் பாலம். அந்த லைசின் அஸ்பராஜின் ஆனதும் நுனியும் குட்டை, மின்னேற்றமும் இல்லை, பாலம் போய்விட்டது. 501இல் கதை நேர்மாறு: புதிதாக வந்த டைரோசினின் வளையம் ஏற்பியின் 41ஆம் டைரோசினுக்கும் 353ஆம் லைசினுக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, பிடி இறுகுகிறது. ஹைட்ரஜன் பிணைப்புக்கு நைட்ரஜன், ஆக்சிஜன் இடைவெளி 3.5 ஆங்ஸ்ட்ராம் வரை பார்க்கலாம், கோணமும் ஒத்துவர வேண்டும். சிஸ்டீன்களின் டைசல்பைடு பிணைப்பில் இரண்டு கந்தகங்களும் சுமார் 2.05இல் இருக்கும். கார்பனும் கார்பனும் 4இல் ஒட்டி நிற்பதும் உப்புப் பாலமும் ஒரே பட்டியலில் ஒரே மதிப்போடு நின்றால் அந்தப் பட்டியல் எதையும் சொல்லாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 417 மாற்றம் ஏ.சி.இ.2வோடு இருந்த பிடியைத் தளர்த்துகிறது. அப்படியும் அந்த வைரஸ் நாடு முழுக்கப் பரவியது. ஏனென்றால் அதே லைசினைப் பற்றிக்கொண்டிருந்த எதிர்ப்புரதங்களுக்கும் (வைரஸைத் தடுக்க நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள்) பிடி போய்விட்டது. 484 மாற்றமும் பெரும்பாலும் அந்த வழியில்தான் உதவியது. ஆகவே ஒரே ஒரு கூட்டாளியோடு மட்டும் தொடர்பை அளந்துவிட்டு, இந்தத் திரிபு வைரஸுக்கு நஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள்.

தரவில் உள்ள சில பள்ளங்களையும் சொல்லிவிடுகிறேன். படிக எக்ஸ்ரேயில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்று போலவே தெரியும். அதனால் அஸ்பராஜின், குளுட்டமின் இவற்றின் நுனி 180 பாகை திரும்பி மாட்டப்பட்டிருக்கலாம், ஹிஸ்டிடின் வளையத்துக்கும் இதே சிக்கல் உண்டு. நுனி திரும்பியிருந்தால் இல்லாத ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதாகக் காட்டும். கட்டமைப்பின் தரத்தைச் சோதிக்கும் மால்புரோபிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் ஒருமுறை ஓட்டிச் சரி செய்துகொள்ளுங்கள். 2.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவுள்ள கட்டமைப்பில் 3.9ஐத் தொடர்பு என்றும் 4.1ஐ இல்லை என்றும் பிடிவாதமாக நிற்பதில் அர்த்தமில்லை. எல்லையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்து, முடிவு நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள்.

கட்டமைப்புக் கோப்பில் அமினோ அமிலம் அல்லாத வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதும் ஆபத்து. ஏ.சி.இ.2வில் ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை, அந்த அயனி வழியாகத்தான் பேசுகின்றன. துத்தநாக விரல் புரதங்களில் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் அப்படித்தான் கட்டுண்டிருக்கும். அந்த விரல்களை முதலில் அடையாளம் கண்ட ஆரன் க்ளுக் நம் டர்பன் ஹை ஸ்கூலில் படித்தவர், 1982இல் வேதியியல் நோபல் பெற்றவர். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

எது தொடர்பு என்பதற்குக் கீழ் எல்லையும் உண்டு. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை ஏற்கெனவே தெரிந்த படிகங்களிலிருந்து தொகுத்து, கார்பனுக்கும் கார்பனுக்கும் சாதாரண எல்லை 3.2, கடைசி எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொண்டுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் தங்கள் வரைபடத்தைப் போட்டார்கள். உங்கள் பட்டியலில் பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் 2.6இல் நின்றால் அது பலமான தொடர்பு ஆகாது, கட்டமைப்பில் கோளாறு. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துத் தந்த மாதிரியாக இருந்தால் நம்பிக்கை மதிப்பையும், இரண்டு பகுதிகளின் நிலைக்கு அது தரும் பிழை மதிப்பையும் பாருங்கள். அந்தப் பிழை பெரிதாக இருக்கும் இடத்தில் தொடர்புகளை எண்ணவே வேண்டாம்.

கடைசியாக, படிகம் ஒரே ஒரு நிலையைத்தான் காட்டும். உங்கள் ஆய்வு ஒரு குறிப்பிட்ட ஜோடியை நம்பி நிற்கிறது என்றால், அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் மூலக்கூறு இயக்க உருவகம் ஓட்டி, அந்தத் தொடர்பு எத்தனை சதவீத நேரம் நீடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு லேப்டாப் போதாது. கேப் டவுனில் உள்ள தேசியக் கணினி மையத்தின் லெங்காவ் என்ற மீக்கணினியை இங்குள்ள பல்கலைக்கழக ஆய்வுகளுக்குத் தருகிறார்கள். விண்ணப்பம் உங்கள் மேற்பார்வையாளர் பெயரில் போக வேண்டும் என்பதால் அவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.