கை தூக்கி முடிக்கிற விஷயமா இது?

வாசகர் கேள்வி – பதில்

செந்தூல் வாசகி: எங்கள் கொண்டோவில் 312 வீடுகள். ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 41 பேர். வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மாத வாடகைக்கும் விடக் கூடாது, நடைபாதையில் கோலம் கூடாது, செருப்பு அலமாரி கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். 41 பேர் சேர்ந்து 312 வீட்டுக்கும் சட்டம் போட முடியுமா?

பதில்: 41 பேர்கூட வேண்டாம் அம்மா, 31 பேர் போதும். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாகச் சட்டப்படி புதிதாக ஒரு பை-லா, அதாவது உள்விதி, சேர்க்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, பதிவான செல்லுபடியாகும் ஓட்டுகளில் நான்கில் மூன்று பங்கு. கோரத்துக்கு (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு) ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தும் பாதி சேராவிட்டால், வந்திருப்பவர்களே கோரம். வராதவர் ஓட்டு யாருக்கும் சேராது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கும் ஓட்டு கிடையாது. கை தூக்கினால் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு. யாராவது எழுந்து ‘போல்’ (முறையான வாக்கெடுப்பு) கேட்டால் கணக்கு வீட்டுக்குரிய பங்கு அலகுக்கு மாறும். பெரிய வீட்டுக்காரர் கை கனமாகிவிடும்.

முதலில் நோட்டீசை எடுத்துப் பாருங்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், தீர்மானத்தின் வாசகமும் அதிலேயே இருக்க வேண்டும். பல இடங்களில் சாதாரணக் கூட்டம் என்று 14 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கடைசியில் ‘இதர விஷயங்கள்’ வரும்போது யாரோ எழுந்து பேச, எல்லாரும் கை தூக்கிவிடுவார்கள். உங்கள் கொண்டோவிலும் அப்படித்தான் நடந்தது என்றால், 41 பேரும் ஒருமனதாகத் தூக்கியிருந்தாலும் அது பை-லா ஆகாது.

நோட்டீஸ் சரியாக இருந்தால் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான்கும் ஒரே வகை இல்லை.

நாள் வாடகைத் தடை நிற்கும். மொண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில் 2020ல் கூட்டரசு நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. சில நாள் தங்கிப் போகிறவருக்குக் கிடைப்பது வெறும் தங்கும் அனுமதி, அது குத்தகை அல்ல. ஆகவே நிர்வாகக் கழகம் தடுக்கலாம் என்றது. மாத வாடகை வேறு. ஒரு வீட்டை விற்பது, குத்தகைக்கு விடுவது, அடமானம் வைப்பது ஆகியவற்றைத் தடுக்கிற பை-லாவுக்கு உயிர் இல்லை என்று சட்டத்தின் 70ஆம் பிரிவே சொல்கிறது. முறையாக ஒப்பந்தம் போட்டுக் குடியிருக்கும் ஒருவர் எந்த நாட்டவர் என்று பார்த்துத் தடுக்க 31 பேருக்கும் அதிகாரம் இல்லை, 300 பேருக்கும் இல்லை. ஒரு வீட்டில் பதினெட்டுப் பேரைத் திணிப்பது, இரவு இரண்டு மணிக்குச் சத்தம் போடுவது என்றால் அந்தச் செயலைத் தடுக்கட்டும்.

கோலம்? இங்கேதான் நம்மவர்களுக்குக் கோபம் வரும். வாசல் நம்முடையது என்பது தரைவீட்டுப் பழக்கம். கொண்டோவில் கதவு நிலைக்கு வெளியே ஓர் அங்குலம்கூட உங்களுடையதல்ல, அது பொதுச் சொத்து. பொதுச் சொத்தில் பெரும்பான்மை முடிவு செய்யலாம். செருப்பு அலமாரிக்கு இன்னும் வலுவான காரணம் உண்டு: தீப்பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி அது. கோலத்துக்கு அடுத்த கூட்டத்தில் நீங்களே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பண்டிகை நாட்களில், கதவிலிருந்து இரண்டு அடிக்குள், பெயிண்ட் இல்லாமல் அரிசி மாவில், மறுநாள் போட்டவரே துடைத்துவிட வேண்டும் என்று நிபந்தனைகளை வாசகத்திலேயே எழுதிவிடுங்கள். ரங்கோலிப் பொடி ஈரமான டைல்ஸில் வழுக்கும் என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். அதற்குப் பதில் கையில் இருக்கட்டும்.

பை-லா மீறலுக்கு அபராதம் 200 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. நிர்வாகம் கேட்காவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பொதுவாக அங்கே வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். நோட்டீஸ், கூட்டக் குறிப்பு, ஓட்டுக் கணக்கு மூன்றையும் கொண்டுபோங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்: மக்கள் தேர்ந்தெடுத்த பெரும்பான்மைக்கு எல்லை போட நீதிபதிகள் யார்?

பதில்: எல்லையைப் போட்டது 1957ஆம் ஆண்டின் அரசமைப்பு. நீதிபதிகள் காவல்காரர்கள். 222 பேர் கொண்ட மக்களவையில் சாதாரணச் சட்டத்துக்கு அன்று வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். அரசமைப்பைத் திருத்த 148 பேர் வேண்டும், மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சில பிரிவுகளுக்குச் சுல்தான்கள் முதலியோர் அடங்கிய ஆட்சியாளர் மன்றத்தின் சம்மதமும் வேண்டும். அந்த 148 பேர் சேர்ந்து எதையும் மாற்றலாமா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் 1973ல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னார்கள். பெரும்பான்மைக்கு எல்லை உண்டு என்பதையே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் முடிவு செய்த வேடிக்கை! நம் நீதிமன்றம் 1977ல் லோ கூய் சூன் வழக்கில் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. 2010க்குப் பிறகு வந்த தீர்ப்புகளில் அது மெல்ல உள்ளே வந்துவிட்டது.

பட்டர்வொர்த் வாசகி: தீபாவளி நேரத்தில் வெங்காயம், பருப்புக்கு உச்சவிலை வைக்கிறார்கள். பெரும்பாலோர் விருப்பம் அதுதான் எனும்போது வருடம் முழுக்க வைத்தால் என்ன?

பதில்: பண்டிகை வரம்பு சில நாள்தான். சரக்கு ஏற்கெனவே கிடங்குக்கு வந்துவிட்டது, அதனால் தாக்குப்பிடிக்கும். வருடம் முழுக்க வைத்தால் என்ன ஆகும் என்பதை முட்டைக் கடையில் பார்த்தோம். 2022ல் ‘ஏ’ கிரேடு முட்டைக்கு வரம்பு 45 சென், ‘பி’ 43, ‘சி’ 41. தீவனச் சோளமும் சோயாவும் இறக்குமதி, அவற்றின் விலை எகிறியது. வருடக் கடைசியில் பேரங்காடி அடுக்கில் ஏ, பி, சி காலி. பக்கத்திலேயே வரம்பு இல்லாத ஒமேகா முட்டையும் கம்போங் முட்டையும் இருந்தன. மலிவு முட்டை வேண்டும் என்று போட்ட விதி, மலிவு முட்டையைத்தான் முதலில் காணாமல் அடித்தது. கோழிக்கும் அதே கதை. 2022 ஜூன் 1ஆம் தேதி ஏற்றுமதியையே நிறுத்தினார்கள், ஜூலையில் வரம்பைக் கிலோ 9 வெள்ளி 40 சென்னுக்கு ஏற்றினார்கள், 2023 நவம்பர் 1ஆம் தேதி வரம்பையும் மானியத்தையும் எடுத்துவிட்டார்கள். முட்டை மானியம் 2025 ஆகஸ்டில் முடிந்தது.

விலையை அழுத்தினால் அது வேறு வழியில் வெளியே வரும்: எடை குறையும், பழகிய வாடிக்கையாளருக்கு மட்டும் உள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், இதை வாங்கினால்தான் அது என்பார்கள். பெரிய வெங்காயத்துக்கு இன்னொரு சிக்கல். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்து அடுத்த மே மாதம்தான் திறந்தது. புத்ராஜெயா என்ன வரம்பு போட்டாலும் மகாராஷ்டிராவின் லாசல்காவ் வெங்காய மண்டிக்காரருக்கு அது கேட்காது. ஏழைக் குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால் காசாகக் கொடுப்பதே மேல். யாருக்குப் போகிறது என்றாவது தெரியும்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: லிட்டில் இந்தியாவில் கடை வாடகை தாங்கவில்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டை மறுபடி கொண்டுவந்தால் என்ன?

பதில்: 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களைப் பிடித்துவைத்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் எல்லாம் அதில் விழுந்தன. உரிமையாளருக்கு வரும் வாடகை ஓடு மாற்றக்கூடப் போதாது. கடைவீட்டில் ஓர் ஓடு உடைந்தால் தண்ணீர் நேராகச் சுவரில் செருகியிருக்கும் உத்தரத்தின் முனைக்குப் போகும். முனை மக்கும், கறையான் ஏறும், மாடித் தளம் ஒரு பக்கம் சாயும். அங்கே ஐம்பது வெள்ளிக்குப் பழுது பார்க்காததுதான் பின்னால் முழுக் கூரையையும் இறக்கவைக்கிறது. நடுவில் முதன்மைக் குடியிருப்பாளர் அறை அறையாக உள்வாடகைக்கு விட்டுச் சந்தை விலையை வாங்கிக்கொண்டிருந்தார். சட்டம் காத்தது பல நேரம் அவரைத்தான்.

ஆனால் 1997ல் சட்டத்தை ரத்து செய்து, 1999 முடிவோடு கட்டுப்பாடு போனபோது நடந்ததையும் சந்தைக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் அடைத்த தண்ணீரை ஒரே நாளில் திறந்தால் கரையில் இருப்பவன்தான் போவான். தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின, தெருக்கள் இரவில் வெறிச்சோடின.

உங்களுக்கு இப்போது உதவுவது ஒப்பந்தம். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். மூன்று வருடம் வரை பதிவு கட்டாயமில்லை, ஆனால் பட்டாவில் மேற்குறிப்பு ஏற்றலாம். ஏற்றிவிட்டால் கட்டடத்தை வாங்குகிற புதியவரும் உங்கள் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். பலர் இதைச் செய்வதில்லை. கட்டடம் கைமாறியதும் சாமானோடு தெருவுக்கு வருகிறார்கள். புதுப்பிக்கும் உரிமையை எழுதும்போது புது வாடகை எவ்வளவு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றும் எழுதுங்கள். ‘இருவரும் பேசி முடிவு செய்வோம்’ என்ற வரியை நம்பாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: சுதந்திரச் சந்தை எல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு. தமிழனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ராஜாஜி என்று ஒருவர் இருந்தார். 1952ல் சென்னை முதலமைச்சராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர். 1959ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ‘பெர்மிட், லைசன்ஸ்’ ஆட்சியை எதிர்த்தார். 1962 பொதுத் தேர்தலில் 18 இடம், 1967ல் 44 இடம். அந்த 1967ல் தமிழ்நாட்டில் அவர் கூட்டணி வைத்தது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்ன தி.மு.க.வோடு! மதுவிலக்கை 1937ல் சேலத்தில் கொண்டுவந்தவரும் அவரே, பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. 1971ல் மதுவிலக்கை எடுக்க வேண்டாம் என்று முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிப் போனார். சுதந்திரவாதிகளிலும் இப்படித்தான்: அடுத்தவர் தராசில் தலையிட மாட்டார்கள், தட்டில் தலையிடுவார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: சாலை வந்தால் லட்சம் பேருக்கு நன்மை. நான்கு பேர் நிலத்தைக் கொடுக்க மறுப்பது சுயநலம் இல்லையா? எங்கள் குடும்ப நிலத்துக்கும் ‘ஈ’ பாரம் (நிலம் எடுப்பதற்கான விசாரணை நோட்டீஸ்) வந்திருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

பதில்: கேள்வியின் இரண்டாம் பாதி முதல் பாதியை மாற்றிவிட்டது, ஐயா. லட்சம் பேர் பயன்பெறும் சாலைக்கு லட்சம் பேரும்தான் காசு கொடுக்க வேண்டும், நான்கு பேர் மட்டும் அல்ல. அரசமைப்பின் 13ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்: போதுமான இழப்பீடு இல்லாமல் சொத்தைக் கட்டாயமாக எடுக்கச் சட்டம் இயற்ற முடியாது. எடுக்கலாமா வேண்டாமா என்பதில் உங்களுக்கு இடம் குறைவு. நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 1991 திருத்தத்துக்குப் பின், நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்று மாநில அரசு கருதினாலே போதும். வேலி போட வேண்டிய இடத்தில் வாசலைத் திறந்துவைத்த திருத்தம் அது. ஆகவே சண்டை பெரும்பாலும் தொகையில்தான்.

‘ஈ’ பாரத்துக்கும் விசாரணைக்கும் நடுவில் குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும். அதற்குள் பதிவு பெற்ற தனியார் மதிப்பீட்டாளரை வைத்து அறிக்கை வாங்குங்கள், கோரும் தொகையை எழுத்தில் கொடுங்கள். கிரான் (நிலப் பட்டா), நிலவரி ரசீது, வாடகை ஒப்பந்தம், படங்கள் எல்லாம் கையோடு போகட்டும். மதிப்பு எந்தத் தேதிக்கு என்று பாருங்கள். முதல் அரசிதழ் அறிவிப்பிலிருந்து 12 மாதத்துக்குள் கையகப்படுத்தும் பிரகடனம் வந்திருந்தால் அந்த முதல் தேதிதான் கணக்கு. பிரகடனத்துக்கு முந்திய இரண்டு வருடத்தில் சேர்த்த கட்டுமானம் பொதுவாகக் கணக்கில் வராது. அவசரமாகக் கொட்டகை போடாதீர்கள். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், மீதித் துண்டுக்குப் பாதை போய்விடுவதற்கும் மதிப்பு குறைவதற்கும் தனியாகக் கேளுங்கள். இதைக் கேட்க மறந்துவிட்டு நிற்பவர்கள்தான் அதிகம். பிரகடனம் வந்து இரண்டு வருடத்துக்குள் இழப்பீட்டு முடிவு வராவிட்டால் முழு நடவடிக்கையும் காலாவதி.

‘எச்’ பாரத்தில் தொகை வரும்போது கவனம். ஆட்சேபத்தோடு பெறுகிறேன் என்று குறிக்காமல் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது. விசாரணைக்கு நீங்கள் போயிருந்தால், முடிவு வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ‘என்’ பாரத்தை (ஆட்சேப மனுவை) நில நிர்வாகியிடம் கொடுக்க வேண்டும், அவர் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்புவார். முன்பு அங்கே நீதிபதியோடு உட்காரும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொன்ன தொகை நீதிபதியையே கட்டியது. செமினி ஜெயா வழக்கில் 2017ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த விதியை அரசமைப்புக்கு விரோதம் என்று தள்ளியது. இப்போது தொகையை முடிவு செய்பவர் நீதிபதி.

இன்னொன்று. உங்கள் நிலத்தின் ஓரத்தில் யாராவது வாய்ப்பேச்சில் குடியிருக்கிறார்களா? உரிமையாளர் நினைத்தபோது எழுப்பிவிடக்கூடிய குடியிருப்பாளரை இந்தச் சட்டம் ‘சம்பந்தப்பட்டவர்’ பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, ஒரு காசு வராது. அரசு நிலத்தில் குடியிருக்கத் தரும் தற்காலிக லைசன்ஸும் அப்படித்தான், ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் செத்துப் பிழைப்பது. பினாங்கின் குளுகோரில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் 2009ல் இடிபட்டபோது, அவர்கள் பக்கம் அனுதாபம் நிறைய இருந்தது, கிரான் இல்லை. உங்கள் பெட்டியில் இருக்கும் தாளின் தலைப்பையும் ஒருமுறை பாருங்கள். ‘கெரான்’ என்று இருக்கிறதா, ‘லெசென் பெண்டுடுக்கான் செமெந்தாரா’ (அந்தத் தற்காலிக லைசன்ஸ்) என்று இருக்கிறதா?