நோயுற்ற இலையைச் சேர்ப்பவளுக்கு மருத்துவ சீட் எதற்கு?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இரண்டாவது முறையும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் சேர்த்துவிடச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்கள், உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கவலை புரிகிறது. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். யோசனை சொல்பவர்கள் யாரும் வட்டி கட்டப் போவதில்லை.

கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “எந்நேரமும் நோய் விழுந்த இலைகளைப் பொறுக்கி நோட்டில் ஒட்டுகிறாள்.” எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். மற்ற படிப்புகளைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். தாவர நோயியலைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் ஒட்டும் இலைகளின் பழுப்புப் புள்ளிகளில் சில, கிருமி பரவாமலிருக்கச் செடியே சாகவிட்ட செல்கள். கிருமியை உணர்ந்த சில நிமிடங்களில், செல்சவ்விலுள்ள ஒரு நொதி ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து சூப்பர் ஆக்சைடாக்கும். அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். கிருமியைத் தாக்குவதோடு, செல்சுவரின் புரதங்களைப் பிணைத்துச் சுவரையும் இறுக்கும். சுற்றியுள்ள செல்களுக்கும் எச்சரிக்கை போகும். 1983இல் ஜப்பானிய ஆய்வாளர் நோரியுகி டோகே, கருகல் நோய்க்கிருமி தாக்கிய உருளைக்கிழங்கில் சூப்பர் ஆக்சைடு உண்டாவதைக் காட்டினார். எல்லாக் கிருமியிடமும் இது செல்லாது. செத்த திசுவைத் தின்று வளரும் போட்ரைடிஸ் பூஞ்சைக்கு, செடி தன் செல்லைக் கொல்வதே வசதியாகிவிடும். நோய் தாங்கும் ரகம் உருவாக்குபவர்களை இந்த முரண் இன்றும் திணறடிக்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டேப் (DAB) என்ற சாயக் கரைசலை இலைக்குள் ஏற்றி, பிறகு ஆல்கஹாலில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்கினால், வெளுத்த இலையில் பெராக்சைடு இருந்த இடம் மட்டும் செம்பழுப்பாக நிற்கும். இன்னொரு சோதனையில், வட்டமாக வெட்டிய இலைத்துண்டுகளை இரவு முழுக்க நீரில் மிதக்கவிடுவார்கள், வெட்டுக்காயத்தின் பதற்றம் அடங்குவதற்காக. மறுநாள், பெராக்சைடு பட்டால் ஒளிரும் லூமினாலும் அதற்குத் துணைபோகும் பெராக்சிடேஸ் நொதியும் கலந்து, பாக்டீரியாப் புரதத்தின் 22 அமினோ அமிலத் துணுக்கைச் சேர்த்தால், கிருமி வந்துவிட்டதென்று இலை பெராக்சைடை உண்டாக்கும், மங்கிய ஒளி கிளம்பும். கருவி அதை அளக்கும். கால் மணி நேரத்துக்குள் ஏறி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். இலையைப் பார்த்து அலுக்காத பிள்ளைக்கு இந்த வேலை பொருந்தும்.

வேளாண்மையிலோ தாவரவியலிலோ இளநிலை, பிறகு தாவர நோயியலில் முதுநிலை. உயிர்வேதியியலும் புள்ளியியலும் தவிர்க்க முடியாதவை, அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். விதை நிறுவனங்களின் நோய் எதிர்ப்புச் சோதனைக் கூடங்கள், பயிர் ஆராய்ச்சி நிலையங்கள், எல்லை தாண்டி வரும் செடிகளைச் சோதிக்கும் நிலையங்கள் எல்லாம் இந்தப் படிப்புக்காரர்களைத் தேடும். மருத்துவரைப் போல உடனே பெயரும் வருமானமும் வராது. முனைவர் பட்டம் வரை போனால், உதவித்தொகை தரும் இடத்தில் மட்டுமே சேர வேண்டும். அதற்குக் கைக்காசு ஒரு பைசா போடக்கூடாது.

சேர்க்கைக்கு முன் ஒரு நாள் அவளை ஆய்வகம் ஒன்றில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்று வந்து சொன்னால், இந்தக் கடிதத்தைக் காட்டி அவளை வற்புறுத்தாதீர்கள்.