பிரசவம் பார்க்க மட்டும் படிக்க முடியுமா?

கேள்வி: +2 பயாலஜி படிக்கிறேன். நர்ஸிங் முழுவதும் வேண்டாம், மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் படிப்பு) மட்டும் டிகிரியாகப் படிக்க ஆசை. வேலூரில் உண்டா? எங்கள் ஆயா ஊரில் பிரசவம் பார்த்தவர். "அதுக்கு எதுக்குடி காலேஜ்?" என்கிறார் அப்பா.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தனி டிகிரி இல்லை தங்கச்சி, வேலூர் என்றில்லை, நம் நாட்டில் நர்ஸிங் வழியாகத்தான் லேபர் வார்டுக்குப் போக முடியும். இங்கிலாந்தில் மிட்வைஃபரி மட்டுமே மூன்று வருடம் படிக்கலாம், அது வேறு கதை. பி.எஸ்சி. நர்ஸிங் நாலு வருடம், மிட்வைஃபரி ஆறாவது, ஏழாவது செமஸ்டரில் வரும், முடித்து மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதியும்போது நர்ஸ், மிட்வைஃப் என இரண்டுமாகவே பதிவாய். அப்புறம் பிரசவ வார்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி என்ற 18 மாதப் படிப்புக்குப் போகலாம். மத்திய அரசு 2018-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, சிக்கலில்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பிலேயே பார்க்கிற ஆட்களை உருவாக்கத்தான். நீ கேட்பது கிட்டத்தட்ட இதுதான்.

வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தனி நுழைவுத் தேர்வு உண்டு, மற்ற இடங்களுக்கு +2 மார்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். எங்கே சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்காதே. சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, இல்லையென்றால் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள், அங்கே மாதம் எத்தனை பிரசவம், ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை காலேஜ் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று சீனியர்களிடம் கேள். எட்டிப் பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதி முடிப்பது படிப்பே இல்லை.

அப்பாவிடம் இதைச் சொல்: ஆயாவின் கைப்பழக்கம் பெரிசுதான், ஆனால் குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து போட வேண்டும், கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், வலி தீவிரமானதிலிருந்து பிரசவம் எப்படி நகர்கிறது என்பதைப் பார்டோகிராம் என்ற வரைபடத்தில் குறித்துவந்து எந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். காலேஜ் அதற்குத்தான்.

கேள்வி: பி.எஸ்சி.க்குப் பணமில்லை. ஏ.என்.எம். (துணை நர்ஸ், மிட்வைஃப் படிப்பு) போதுமா?
– ஆற்காடு வாசகி

பதில்: இரண்டு வருடப் படிப்பு, மட்டமாக நினைக்காதே. கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அதுதான் வழி. கர்ப்பிணியைப் பதிந்து, பி.பி.யும் ரத்தமும் பார்த்து, சிக்கல் தெரிந்தால் நேரத்தோடு மேலே அனுப்புகிறவர் அவர்தான். ஆனால் உன் ஆசை லேபர் வார்டு என்றால், கல்விக் கடன் கேட்டாவது பி.எஸ்சி. அல்லது மூன்று வருட ஜி.என்.எம். (நர்ஸிங், மிட்வைஃபரி டிப்ளமா) பார்.