கப்பீரேவும் டோர்மீரேவும்: 'ஈஸ்க்' எங்கே நுழையும்?

இத்தாலிய மொழியில் 'நான்' வடிவத்தில் டோர்மீரே (தூங்கு) 'டோர்மோ' ஆகும்போது கப்பீரே (புரிந்துகொள்) ஏன் 'கப்போ' ஆகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி எழுதியவன்தான். கப்போ என்றால் தலைவர், முதலாளி!

'ஈரே' என்று முடியும் வினைகளில் இரண்டு கூட்டம் உண்டு, இரண்டுமே ஒழுங்கானவை. கப்பீரே கூட்டத்தில் நடுவே ஓர் 'ஈஸ்க்' நுழையும்: கப்பீஸ்கோ, கப்பீஷி, கப்பீஷே (இந்த இரண்டிலும் 'ஈஸ்க்' 'ஈஷ்' என ஒலிக்கும்), கப்பியாமோ, கப்பீத்தே, கப்பீஸ்கொனோ. 'நாங்கள்' (கப்பியாமோ), 'நீங்கள்' (கப்பீத்தே) வடிவங்களில் அது இல்லை, கவனித்தீர்களா? அங்கே அழுத்தம் ஏற்கெனவே விகுதியில் விழுகிறது. மற்ற நான்கிலும் அழுத்தத்தை வேர்ச்சொல்லிலிருந்து வெளியே இழுக்கத்தான் இந்த ஈஸ்க்.

எந்த வினை எந்தக் கூட்டம்? 'ஈரே'வுக்கு முன்னால் இரண்டு மெய்யொலிகள் சேர்ந்து வந்தால் (டோர்மீரே, பார்த்தீரே, செர்வீரே) பெரும்பாலும் ஈஸ்க் வராது. ஒரே மெய் என்றால் (ஃபினீரே, புலீரே, ஸ்பெதீரே) பெரும்பாலும் வரும். ஏமாற்றும் சொற்களும் உண்டு: கரன்தீரே இரண்டு மெய் இருந்தும் 'கரன்தீஸ்கோ' ஆகும், தைப்பதைக் குறிக்கும் குச்சீரே (இத்தாலிய எழுத்தில் கப்பீரேபோல ஒரே மெய்தான்) வெறும் 'கூச்சோ'தான்.

அதனால் புது வினை படிக்கும்போது 'நான்' வடிவத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம், இறந்தகால 'கப்பீவோ'வில் ஈஸ்க் கிடையாது, அங்கே போட்டுவிடாதீர்கள்.