ஒடியாக் கவிதையில் கிராமம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எந்தக் கவிஞரிடம் தொடங்கலாம்?
பதில்: நந்தகிஷோர பள (1875–1928). ஒடியாவில் 'பல்லி' என்றால் கிராமம். அவருக்குப் 'பல்லி கவி' என்றே பட்டம். சுவர்ப் பல்லியை நினைத்துச் சிரிக்காதீர்கள். அடுத்து சச்சிதானந்த ராவுத்ராயின் 'பல்லிஸ்ரீ'.

கேள்வி: ஜகன்னாத தாசர் ஒடியாவில் பாடிய பாகவதத்தில் அடிக்கு ஒன்பது எழுத்து என்கிறார்கள். எனக்கு ஏழுதான் வருகிறது.
பதில்: இந்தி உச்சரிப்பில் படித்திருப்பீர்கள். 'அனாதி பரம் காரண்' என்றால் ஏழுதான். ஒடியாவில் சொல்லின் கடைசி 'அ' ஒலிக்கும்: அ-னா-தி ப-ர-ம கா-ர-ண. ஒன்பது! வாய்விட்டு எண்ணுங்கள். ஊர்தோறும் பாகவதம் படிக்கவென்றே குடில் கட்டிக் காதால் கேட்டு வளர்ந்த யாப்பு இது. கடைசி 'அ'வை விழுங்காதீர்கள்.

கேள்வி: ஒடிசாவின் ரஜப் பண்டிகை ஊஞ்சல் பாட்டுகளை மொழிபெயர்க்கிறேன். 'பூமித்தாய் ஓய்வெடுக்கிறாள்' என்று போடலாமா?
பதில்: கூடாது. ஜூன் நடுவில் மூன்று நாள் பூமிக்கு மாதவிலக்கு. அதனால்தான் ஏர் பூட்டுவதில்லை. நாலாம் நாள் அம்மிக்கல்லையே பூமியாக வைத்து மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவார்கள். 'ஓய்வு' என்றால் அந்த மஞ்சள் எதற்கென்று புரியாது. 'தீட்டு' இன்னும் மோசம். இங்கே அது கொண்டாட்டம். 'மாதவிலக்கு' என்றே எழுதுங்கள்.




கேள்வி: பலராம தாசரின் 'லக்ஷ்மி புராணம்' சாதியை எதிர்க்கும் பாட்டா, வெறும் பூசைப் பாட்டா?
பதில்: இரண்டும். மார்கசிர மாத (நவம்பர்–டிசம்பர்) வியாழக்கிழமைகளில், 'மாண' என்னும் படியில் புது நெல் நிரப்பி வைத்து வீட்டுப் பெண்கள் படிப்பது. கதையில் லக்ஷ்மி ஊரைச் சுற்றி வருகிறாள். சண்டாளப் பெண் ஸ்ரீயா, தரை மெழுகி அரிசிமாவில் தாமரைக் கோலம் போட்டிருக்கிறாள். லக்ஷ்மி உள்ளே போகிறாள். சண்டாளப் பெண்ணைத் தீண்டிய லக்ஷ்மியை விரட்டு என்கிறார் அண்ணன் பலபத்திரர். அவள் கணவர், தம்பி ஜகன்னாதரும் விரட்டுகிறார். லக்ஷ்மி போனதும் பன்னிரண்டு வருடம் அண்ணன் தம்பிக்குச் சோறில்லை. கடைசியில் அவள் வாசலிலேயே வந்து கையேந்துகிறார்கள். ஜகன்னாதர் கோயிலில் பிராமணனும் சண்டாளனும் சேர்ந்து உண்ண வேண்டும் என்பது, திரும்பி வர அவள் போடும் நிபந்தனை.

கேள்வி: குளித்து மெழுகியதால்தானே ஸ்ரீயாவுக்கு அருள்? சுத்தத்தை நிரூபித்தால்தான் மரியாதை என்பதும் சாதிப் பேச்சுதானே?
பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். செய்ய வேண்டியது, கூடாதது என்று பாட்டில் நீளும் விதிகளெல்லாம் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. ஆனால் பட்டினி கிடப்பது யார் என்று பாருங்கள்: ஸ்ரீயா அல்ல, விலக்கச் சொன்ன மூத்தவர்.

கேள்வி: கோயிலில் சேர்ந்து உண்டார்கள் சரி, ஊரில்?
பதில்: அதுதான் சரியான இடி. பாட்டு கோயில் பிரசாதத்தோடு நின்றுவிடுகிறது. ஊர்க் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

கேள்வி: இது பக்திக் கதை. கிராமக் கவிதையில் ஏன் சேர்க்கிறீர்கள்?
பதில்: நெல், படி, சாணம், கோலம் இவற்றை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கவிஞர் ஹல்தர் நாக் எழுதுவது ஒடியாவா?
பதில்: மேற்கு ஒடிசாவின் பர்கட் மாவட்டத்துக்காரர், 2016இல் பத்மஸ்ரீ. எழுதுவது சம்பல்புரி, அதாவது கோசலி. தனிமொழியா, வட்டார வழக்கா என்ற சண்டையை இங்கே இழுக்காதீர்கள்.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்கலாம்?
பதில்: முதல் பதில். 'அ'வை விழுங்காமல்.