எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ: லண்டனில் யாரிடம் கேட்பது?

தங்கச்சி, ஈஸ்ட்ஹாமுக்கு வந்து எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ கூடிவிட்டது, ஜிம்முக்குக் கட்டக் காசில்லை, ஊரில் அம்மாவுக்கு நீரிழிவு, இங்கே ஆரிட்டப் போய்க் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வயது 26, உயரம் 160 சென்டிமீட்டர், நிறை 68 கிலோ.

முதல் ஜீபியில், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டொக்டரிடம், பதியுங்கோ. அதற்குக் காசு இல்லை. விலாச அத்தாட்சியோ விசாக் கடிதமோ இல்லையென்று திருப்பி அனுப்பக்கூடாது என்பதுதான் இங்கத்தைய விதி. 2008இல் நான் வந்த புதிதில் ஓரிடத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். விதி தெரியாததால் ஒன்றரை வருடம் எந்த டொக்டரையும் பாராமல் இருந்தேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். இங்கிலிஷ் தடுமாறினால், அப்பொயின்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கோ, அதுவும் இலவசம்.

பொது அட்டவணையில் 68 கிலோ கொஞ்சம் கூட என்று மட்டும்தான் காட்டும். ஆனால் தெற்காசியருக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு நிறையை ஒப்பிடும் கணக்கு, 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் உடல் பருமன். உங்கள் உயரத்துக்கு 23 என்றால் 59 கிலோ. வயிற்றில் சேரும் கொழுப்புத்தான் எங்கள் ஆட்களுக்குக் கூடாதது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக, உங்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், இருக்க வேண்டும். இன்றைக்கே அளந்து பாருங்கோ.

இலவச உடல் பரிசோதனைக்கு இங்கிலாந்தில் 40 வயதில்தான் கூப்பிடுவார்கள். அதுவரை காத்திருக்காதேங்கோ. தெற்காசியருக்கு 25 வயதிலிருந்தே நீரிழிவு ஆபத்தைக் கணிக்க வேண்டும் என்பது இங்கத்தைய மருத்துவ வழிகாட்டல். "அம்மாவுக்கு நீரிழிவு, நான் இலங்கைத் தமிழ், எச்பிஏ1சி பார்க்க வேண்டும்" என்று நேரடியாகக் கேளுங்கோ. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அது. முடிவு 42க்கும் 47க்கும் இடையில் வந்தால் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்துக்கு அனுப்புவார்கள். ஒன்பது மாதம், சதமும் செலவில்லை. எனக்கு 44 வந்தது. அப்படித்தான் நானும் போனேன்.

அந்தத் திட்டத்தின் வகுப்பில் முதல் மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. பாண், பாஸ்தா, சலாட் என்றே கதைத்தார்கள், எங்கள் வீட்டில் புட்டும் சோறும். நாலாம் வாரம் எங்கட சாப்பாட்டுத் தட்டைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். நடத்திய பெண் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாய்க் கேட்டார். புட்டை விடச் சொல்லவில்லை. தட்டில் காற்பங்கு புட்டு, காற்பங்கு மீனோ பருப்போ, பாதி மரக்கறி என்று மாற்றினோம். சொதிக்குத் தேங்காய்ப்பால் குறைந்தது, தேத்தண்ணிக்குச் சீனி நின்றது. ஆகவே நீங்கள் எங்கே போனாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கோ. சொல்லாவிட்டால் அவர்கள் தருவது எங்கள் குசினிக்குப் பொருந்தாது, இரண்டு கிழமையில் விட்டுவிடுவீர்கள்.

பரிசோதனையில் இரத்தச் சீனி சரியாக இருந்தால், உங்கள் கவுன்சிலின் நிறை குறைப்பு வகுப்புகளைப் பற்றி ஜீபியிடமே கேளுங்கோ. பல இடங்களில் நீங்களாகவே பெயர் கொடுக்கலாம். பெண்களுக்கு மட்டுமான நீச்சல் நேரமும் சில நீச்சல் தடாகங்களில் உண்டு. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காக்களில் பார்க்ரன் நடக்கும். ஐந்து கிலோமீட்டர், இலவசம், நடந்தும் போகலாம். கடைசியாக நடந்துவர ஒரு தொண்டரை விடுவார்கள், அதனால் நீங்கள் கடைசி ஆளாக வரப்போவதில்லை.

வாட்ஸப்பிலும் அழகு நிலையங்களிலும் விற்கிற நிறை குறைக்கும் ஊசிகளைத் தொடவே வேண்டாம். டொக்டரோ தகுதியுள்ள மருந்தாளரோ எழுதித்தர வேண்டிய மருந்து அது.

குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 74 கிலோவிலிருந்து 63க்கு வந்தேன், வகுப்பு முடிந்த மாரியில் நாலு கிலோ திரும்பி ஏறியது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு, வேலையால் வந்தால் போர்வைக்குள். பிறகு அந்த வகுப்பில் இருந்த குஜராத்தி அக்காவும் ஒரு சோமாலிப் பெண்ணும் நானும் ஞாயிறு காலையில் சேர்ந்து நடக்கத் தொடங்கினோம். மழைக்கும் நிற்பதில்லை. ஒருத்தி வராவிட்டால் மற்ற இருவரும் கோல் எடுப்போம். இப்போது ஆறு வருடம், 64இல் நிற்கிறேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நடக்க விருப்பமென்றாலும் சொல்லுங்கோ, ரெயிலடியில் வந்து கூட்டிப்போகிறேன்.